கோமதிநாயகத்தின் பதினாறாம் நாள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு பல்லாயிரம் ஆண்டுகள் காத்திருந்து, தன் நெற்றிக்குப் பின்னாலேயே கிடந்த ஆகப் பெரிய புதையலைக் கண்டுகொண்டது. அந்தப் புதையலின் பெயர் கவனம்.

இந்த வாசகம் மடிப்பாக்கம் கற்பக விருட்சம் அடுக்ககத்தில், லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. அதற்கு மேலே ‘மக்கும் குப்பையில் நாப்கின் போடாதீர்’ என்றும், கீழே ‘லிஃப்ட் வேலை செய்யவில்லை’ என்றும் இரண்டு அறிவிப்புகள் இருந்தன. மூன்றையும் இயற்றியவர் ஒருவரே. குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர், 4A, ஆவுடையப்பன். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் இருந்து, தலைமைப் பதிவாளராக ஓய்வு பெற்றவர். தன் கையெழுத்து இல்லாமல் தென்சென்னையில் ஒருத்தரும் முறைப்படி செத்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். அது உண்மையும்கூட.

கவனத்துக்கும் குப்பைக்கும் ஒரே சுவரில் இடம் கிடைத்ததற்குக் காரணம் தண்ணீர். நிலத்தடி நீர் என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. கடல்நீரைக் குடிநீராக்கிக் கொடுத்தது ஆழிமுத்து குழுமம். ‘எட்டாவது அடி’ என்ற தொலைக்காட்சித் தொடரை எடுத்ததும் அதே ஆழிமுத்து குழுமம்தான். தண்ணீருக்குப் பதிலாக அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: தொடரைப் பார்க்க வேண்டும். டி.வி. ஓடினால் போதாது, மனசு அதில் இருக்க வேண்டும். இதை அளக்க ஒவ்வொரு டி.வி.யின் உச்சியிலும் வட்டமாகக் கறுப்பாக ஒரு கருவி. எதிரே இருப்பவரின் கண்மணி விரிவதையும் மூச்சு மாறுவதையும் நாடி துடிப்பதையும் அது தொலைவிலிருந்தே பார்த்துக்கொள்ளும். ஜனங்கள் அதற்குப் ‘பொட்டு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு கட்டடத்துக்கு நாளொன்றுக்கு நானூறு அலகு கவனம் சேர்ந்தால், மறுநாள் இரண்டு மணி நேரம் தண்ணீர்.

கற்பக விருட்சத்தில் முப்பத்தெட்டு வீடுகள். மூன்று வருஷமாக அலகு நானூறுக்குக் கீழே இறங்கியதில்லை. இதைத் தன் நிர்வாகத் திறமையின் விளைவாக ஆவுடையப்பன் கருதினார். ஒவ்வொரு பொதுக்குழுவிலும், “முப்பத்தெட்டு வீடு, ஒரே கவனம்” என்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் நிறுத்துவார், கைதட்டுவதற்கு. 

ஒரு வெள்ளிக்கிழமை அலகு ஒன்பது என்று வந்தது.

மறுநாள் தண்ணீர் மூன்று நிமிஷம் வந்தது. அந்த மூன்று நிமிஷமும் குழாயில் காற்றுதான். ஆவுடையப்பன் கருவிக் கோளாறு என்று முடிவு கட்டி, ஆழிமுத்து குழுமத்துக்கு ஒரு காட்டமான கடிதம் எழுதினார். ‘மேற்படி’ என்ற சொல் அதில் பதினோரு இடத்தில் வந்தது. மூன்றாம் நாள் கவன ஆய்வாளர் ரெஹானா பானு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிய களைப்பு முகத்தில் இருந்தது.

“கருவியில ஒண்ணும் இல்ல சார். உங்க கட்டடத்துல ஒருத்தங்க பாக்குறத விட்டுட்டாங்க.”

“ஒருத்தர் விட்டா எப்படிம்மா நானூறு ஒம்பது ஆகும்? மேற்கொண்டு முப்பத்தேழு வீடு இருக்குல்லா?”

ரெஹானா கையிலிருந்த பலகையைத் திருப்பிக் காட்டினாள். “வீட்டு வாரியாக் காட்டக் கூடாதுன்னு ரூல் சார். நான் காட்டல. நீங்களே எட்டிப் பாத்துட்டீங்க.”

ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார். 2C-க்கு நேரே, மூன்று வருஷமாக, தினமும் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்துக்கு மேல். மற்ற முப்பத்தேழு வீடும் சேர்ந்து ஒன்பது.

“டி.வி. எல்லா வீட்லயும் ஓடுது சார். ஆனா கண்ணு போன்ல இருக்குது, இல்லன்னா காய்கறில. ஊர் முழுக்க இப்படித்தான். அதனாலதான் கட்டடத்துக்கே சேத்து நானூறு போதும்னு வச்சோம். ஒரு ஆளு மனசாரப் பாத்தாலே நானூறு வந்துரும். அப்படி யாராவது பாப்பாங்கன்னு கம்பெனி நெனைக்கவே இல்ல.”

“4A?” என்று கேட்டார் ஆவுடையப்பன், குரலைத் தாழ்த்தி.

“பூஜ்யம் சார்.”

“செயலாளர்ங்கிற முறையில எனக்கு நிர்வாகப் பொறுப்புகள்…”

“உங்க வொய்ஃபும் பூஜ்யம்தான் சார்” என்றாள் ரெஹானா ஆறுதலாக.

2C-யில் இருந்தது பிலோமினா. ஐம்பத்து மூன்று வயது. வேளச்சேரியில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் தலைமை நர்ஸ். தூத்துக்குடிப் பக்கம். ஒற்றை ஆள். மூன்று வருஷமாகக் கட்டடத்துக்கே தண்ணீர் கொடுத்துவந்தவர் என்பது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. பெரிதாக ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

“அவரு போயிட்டாருல்ல சார்” என்றார்.

“யாரு?”

“கோமதிநாயகம்.”

ஆவுடையப்பன் பழக்கதோஷத்தில் தேதியைக் கேட்கப் போய் நிறுத்திக்கொண்டார். விசாரித்ததில் விவரம் தெரிந்தது. ‘எட்டாவது அடி’ தொடரில் ஒரு பெரிய மாளிகை. அதில் நான்கு மருமகள்கள், மூன்று வில்லிகள். இரண்டு பேர் இரண்டு பட்டியலிலும் உண்டு. அந்த மாளிகையின் சமையல்காரர் கோமதிநாயகம். ஒரு பாகத்துக்கு ஒருமுறை வருவார். சொத்துக்காக எல்லோரும் கத்திக்கொண்டிருக்கும்போது தட்டில் காபியோடு வந்து, “ஆறிரும்மா” என்பார். யாரும் எடுக்க மாட்டார்கள். திரும்பக் கொண்டுபோய்விடுவார். போன வியாழக்கிழமை, 1846-ஆம் பாகத்தில், மூத்த மருமகளுக்காக யாரோ விஷம் கலந்த பாயசத்தில் இனிப்பு சரியாக இருக்கிறதா என்று வாயில் விட்டுப் பார்த்தார். அவ்வளவுதான்.

“இதுக்குப் போயா?” என்றார் ஆவுடையப்பன். “ஏம்மா, கதாநாயகி இருக்கா. கதாநாயகன் கோமாவுல இருக்கான். அவனுக்கு நெனவு திரும்புமான்னு தெரிய வேண்டாமா உங்களுக்கு?”

“திரும்புனா என்ன சார் செய்யப் போறான்? மறுபடி கத்துவான்.” என்றார் பிலோமினா. “அந்த வீட்ல வேலை பாத்தது அவரு ஒருத்தர்தான். நான் நாள் பூரா வார்டுல நிக்கிறவ. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ஒக்காந்தா, இன்னொருத்தரும் வேலை பாத்துக்கிட்டு இருப்பாரு. ஒரு துணை மாதிரி.”

“பழைய பாகம் பாருங்களேன். பழசுலயும் விளம்பரம் வருது, அதுவும் அலகுல சேரும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு.”

“பாத்தேன் சார். செத்துருவாருன்னு தெரிஞ்சுக்கிட்டு அவரு காபி ஆத்துறத எப்படிப் பாக்குறது? கண்ணு டி.வி.யிலதான் இருக்கு. மனசு வரல.”

ஆவுடையப்பன் எழுந்து நின்றார். நின்றால்தான் அவருக்குப் பேச்சு வரும். முப்பத்தெட்டு குடும்பங்கள், கைக்குழந்தைகள், முதியோர், கடமை, சமுதாயம் என்று ஆறு நிமிஷம் பேசினார். பிலோமினா பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், “சாய்ங்காலம் திரும்ப ஒக்காந்து பாக்குறேன் சார்” என்றார். உட்கார்ந்தும் பார்த்தார். பொட்டு அவரைப் பார்த்தது. மறுநாள் அலகு ஏழு. கூடுதலாக முயன்றதில் இரண்டு குறைந்திருந்தது.

அவசரப் பொதுக்குழு கூடியது. குளிக்காத முப்பத்தெட்டு குடும்பம் ஓர் அறையில் கூடினால் விவாதம் சுருக்கமாக முடியும் என்று நினைப்பவர்களுக்கு நலச்சங்க அனுபவம் கிடையாது. பொருளாளர் சம்பத், 3B, இரண்டு தேர்தலாகச் செயலாளர் பதவிக்கு நின்று தோற்றவர், எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

“முப்பத்தெட்டு வீடு ஒரே கவனம்னீங்களே சார், அந்த ஒரு வீடு 2C-ன்னு சொல்லவே இல்லியே?”

“இப்ப அரசியல் வேண்டாம் சம்பத்.”

“உங்க வீட்டு அலகு என்ன சார்?”

“அது ரகசியக் காப்புக்கு உட்பட்ட தகவல்.”

யோசனைகள் வந்தன. நாமே எல்லோரும் மனசாரப் பார்த்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். கூட்டம் அவரை அனுதாபத்தோடு பார்த்தது. சீரியல்களில் நடிகர் விலகினால் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு புது முகத்தைக் காட்டுவார்களே, அப்படிச் செய்யச் சொல்லலாம் என்றார் இன்னொருவர். கம்பெனியைக் கேட்டார்கள். விலகினால் சரி, இறந்தால் முடியாது என்று பதில் வந்தது. இரட்டைப் பிறவித் தம்பியைக் கொண்டுவரலாம், ஆனால் ஏற்கெனவே மூன்று இரட்டையர் வரிசையில் இருப்பதால் எட்டு மாதம் ஆகும்.

கடைசியில் வழி சொன்னது முதல் மாடிக் கிருத்திகா மாமி. “செத்தவருக்கு ஒண்ணும் செய்யலியே. கருமாதி ஆகாத வீட்ல மனசு எப்படிப் பழைய நெலைக்கு வரும்? பதினாறாம் நாள் காரியத்த முறையாப் பண்ணுங்கோ. துக்கம் கழிஞ்சா அந்தம்மா தானா டி.வி. முன்னாடி வந்து ஒக்காருவா.”

அறிவியல் யுகத்தில் இது என்ன என்று ஆவுடையப்பன் சொல்ல நினைத்தார். ஆனால் ஐந்து நாளாக அவரும் ஒரு சொம்புத் தண்ணீரில் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். தவிரவும், இறப்பு சம்பந்தப்பட்ட எதிலும் தனக்கு ஒரு பாத்தியதை உண்டென்று அவருக்குள் ஓர் எண்ணம் இருந்தது. தீர்மானம் நிறைவேறியது. அவரே முன்னின்று நடத்துவது என்றும் முடிவாயிற்று.

பிலோமினாவிடம் போய்ச் சொன்னபோது, “நான் ஆர்.சி. சார்” என்றார்.

“செத்தது நீங்க இல்லல்லா? அவரு இந்துதானே?”

“நெத்தியில திருநீறு இருக்கும்” என்று ஒப்புக்கொண்டார் பிலோமினா.

ஏற்பாடுகள் தொடங்கின. காரியம் செய்ய வந்தவர் இறந்தவரின் நட்சத்திரம் கேட்டார். தொடரில் அவர் முதன்முதலாக வந்த தேதியை வைத்துப் பார்த்ததில் பூராடம் என்று வந்தது. வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். தோற்றம், மறைவு இரண்டும் போட்டு, கோமதிநாயகத்தின் படம் கீழே இடது மூலையில், ஒரு ரூபாய் நாணய அளவில். நடுவில் ஆறடிக்குக் கைகூப்பியபடி ஆவுடையப்பன். பேனர் என்றால் அப்படித்தான் என்று அச்சகத்துக்காரர் சொல்லிவிட்டார். சாப்பாட்டுப் பட்டியலில் பாயசம் இருந்தது. மறைந்தவருக்குப் பாயசத்தோடு ஏற்பட்ட அனுபவத்தைக் கருதி, இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பிறகு அது கேசரியாக மாற்றப்பட்டது.

இரங்கலுரை ஆவுடையப்பனுடையது. அங்கேதான் ஒரு சிக்கல். அவர் அந்த மனிதரை ஒரு நாளும் பார்த்ததில்லை. விவரம் இல்லாமல் எதையும் பதியாத கை அவருடையது. எனவே தொடரை முதல் பாகத்திலிருந்து பார்த்துக் குறிப்பெடுப்பது என்று தீர்மானித்தார். இருபது நிமிஷப் பாகம், நாளொன்றுக்குப் பத்து. காலை பத்து மணிக்கு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார்.

“என்னங்க, சீரியலா?” என்றாள் மனைவி தெய்வானை.

“ஆவணம்.”

முதல் சில நாள் கோமதிநாயகம் வரவே இல்லை. மாளிகைக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆவுடையப்பன் மூன்று தடவை தூங்கிப்போனார். பதினைந்தாம் நாள், அதாவது காரியத்துக்கு முந்தின தினம், ஒரு கதவு திறந்தது. தோளில் துண்டோடு ஒரு வழுக்கைத்தலை மனிதர் தட்டை ஏந்தி வந்தார். கூடத்தில் இரண்டு மருமகள்கள் ஒரு வைர மூக்குத்திக்காக ஒருவரையொருவர் சபித்துக்கொண்டிருந்தார்கள். அவர் எட்டி நின்று பார்த்தார். “ஆறிரும்மா” என்றார். யாரும் திரும்பவில்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டு, தட்டோடு உள்ளே போனார்.

ஆவுடையப்பன் நோட்டில் ‘நேரம் 12.10. வந்தார்’ என்று எழுதினார். பிறகு அதற்குக் கீழே, எதற்கென்று தெரியாமல், ‘போனார்’ என்றும் எழுதினார். அலுவலகத்தில் தானும் இப்படித்தான் சில கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மேலதிகாரி அறை வாசலில் நின்று திரும்பியிருக்கிறோம் என்று ஒரு ஞாபகம் வந்தது. அதற்கும் ஆவணத்துக்கும் சம்பந்தமில்லை என்பதால் எழுதவில்லை. அன்று பத்துக்குப் பதில் பதினான்கு பாகம் பார்த்தார்.

பதினாறாம் நாள் காரியம் சிறப்பாக நடந்தது. ஆவுடையப்பன் நாற்பது நிமிஷம் பேசினார். நடுவில், தட்டோடு திரும்பிப் போனதைச் சொல்லும் இடத்தில், நிறுத்திவிட்டு மைக்கைத் தட்டினார். மைக் கோளாறு என்று சொல்லிச் சமாளித்தார். பிலோமினா ஷிஃப்ட் முடிந்து நர்ஸ் உடுப்போடு வந்து, சிலுவை போட்டுக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்து, கேசரி யார் பண்ணியது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அன்று மாலை அலகு முந்நூற்று எண்பது. மறுநாள் நானூற்றிரண்டு. அதற்கு அடுத்த நாள் தண்ணீர் இரண்டு மணி நேரம் கொட்டியது. குழந்தைகள் வாளிகளைத் தட்டிக்கொண்டு மாடிப்படியில் ஓடினார்கள்.

ஒரு வாரம் கழித்து பாராட்டுக் கூட்டம். ஆவுடையப்பன் மேடையில் பொன்னாடையோடு நின்றார். கர்மமும் காரண அறிவும் கைகோத்த தருணம் என்று தொடங்கி, நிர்வாகத்தில் உறுதி என்ற இடத்துக்கு வந்து, ஒரு நிமிஷம் நிறுத்தினார். கைதட்டினார்கள். பிறகு பிலோமினாவை மேடைக்கு அழைத்தார்.

“எதுக்கு சார்?”

“துக்கத்த வென்று மீண்டும் கவனம் செலுத்தி இக்கட்டடத்தைக் காத்தமைக்கு.”

“நான் டி.வி.ய குடுத்துட்டேனே” என்றார் பிலோமினா. “காரியம் முடிஞ்ச மறுநாளே. சென்டர்ல நோயாளிங்க நாலு மணி நேரம் சும்மா படுத்திருக்காங்கன்னு அங்க கொண்டு வச்சுட்டேன். முறையா முடிஞ்சிருச்சு, இனிமே எதுக்குன்னு.”

பொன்னாடை அந்தரத்தில் நின்றது. முன்வரிசையிலிருந்து சம்பத், ரொம்ப மரியாதையாக, ஆய்வாளர் ரெஹானாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“வீட்டு வாரியா சொல்லக் கூடாது சார்” என்றது போன்.

“சொல்லாதம்மா. எந்த வீடு பூஜ்யம்னு மட்டும் சொல்லு.”

போன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தது. 1A பூஜ்யம், 1B பூஜ்யம், 1C பூஜ்யம். 4A-வை மட்டும் தாண்டிப் போனது. கூட்டம் முழுக்கத் தெய்வானையின் பக்கம் திரும்பிக் கைதட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் மைக்கை அவள் கையில் திணித்தார்கள்.

“எனக்கு எதுக்குத் தட்டுறீங்க? நான் போன்ல கோலம் பாக்குறவ” என்றாள் தெய்வானை. “இவுகதான் பாக்குறாக. காலம்பற பத்து மணிக்கு ஒக்காந்தா ரெண்டு மணிக்குத்தான் எந்திரிக்காக. சாப்பாட்டுக்குக் கூப்ட்டா, ‘இரு, அவரு இப்ப வருவாரு’ங்காக. நேத்து ஒரு மருமக அவரு தட்டத் தட்டி விட்டுட்டாளாம். ராத்திரி ரெண்டு தோசையோட எந்திரிச்சிட்டாக.”

அதற்கு மேல் கூட்டம் நடக்கவில்லை.

சம்பத் நியாயஸ்தர். ஆவுடையப்பனை ராஜினாமா செய்யச் சொல்லவில்லை. அதைவிட மோசமாக, அவரைப் பாதுகாத்தார். காலை பத்து முதல் இரண்டு வரை 4A-வில் யாரும் அழைப்பு மணி அடிக்கக் கூடாது என்று புது விதி வந்தது. நான்காவது மாடியில் மிக்ஸி ஓட்டத் தடை. ஒரு வீட்டிலிருந்து முறுக்கு வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து முதுகுக்குத் தலையணை. படியில் எதிர்ப்பட்டவர்கள், “எத்தனாவது பாகம் சார்?” என்று கேட்டுவிட்டு, மனசுக்குள் கழித்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த எண் அது. 1846.

அந்த ஆறு மாதத்தில் ஆவுடையப்பனிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. ஒரு நாள் காபியை அவரே போட்டு, தெய்வானையிடம் கொண்டுவந்து நீட்டினார். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆறிரும்” என்றார்.

தெய்வானை நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்தாறு வருஷத்தில் இது முதல் தடவை. உடனே அவரை ஆட்டோவில் ஏற்றி, பி.பி.யும் சுகரும் பார்க்கக் கூட்டிப்போனாள். எல்லாம் சரியாக இருந்தது. அது அவளை இன்னும் கலவரப்படுத்தியது.

நாள் நெருங்க நெருங்கச் சங்கம் மாற்று ஏற்பாட்டில் இறங்கியது. அண்மையில் காலியான 1D-க்கு, ‘சீரியல் பார்க்கும் குடும்பத்துக்கு மட்டும் வாடகைக்கு விடப்படும்’ என்று விளம்பரம் செய்தார்கள். மனு போட்டவர்களை டி.வி. முன் உட்காரவைத்துத் தேர்வு நடத்தினார்கள். ஒரு அம்மாளுக்கு அறுபது வந்தது. பிறகு அது அவர் உடன் வந்த மருமகளை ஓரக்கண்ணால் பார்த்ததில் வந்த அலகு என்று தெரிந்தது.

1845-ஆம் பாகம் முடிந்த அன்று மத்தியானம், ஆவுடையப்பன் டி.வி.யை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, மணி அடிக்காமல் கதவைத் தட்டிக்கொண்டு பிலோமினா வந்தார். தெய்வானை அவரை உள்ளே அழைத்து நாற்காலி போட்டாள்.

“நாளைக்குத்தான சார்?” என்றார் பிலோமினா.

“ஆமா.”

“படியில சம்பத் சார் சொன்னாரு. எல்லாருமே பேசிக்கிறாங்க.”

ஆவுடையப்பன் நோட்டைப் புரட்டினார். நூற்றெண்பது பக்கம் நிரம்பியிருந்தது. பெரும்பாலும் ‘வந்தார்’, ‘போனார்’. முப்பத்தோரு வருஷத்தில் லட்சத்துச் சொச்சம் இறப்புகளைப் பதிந்தவர் அவர். அத்தனை பேரும் அவரிடம் வரும்போது ஏற்கெனவே இறந்திருந்தார்கள். உயிரோடு தெரிந்த ஒருவரும் அந்தப் பட்டியலில் இல்லை.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றார். கேட்பதற்குள் இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரொம்பக் கஷ்டப்பட்டாரா?”

பிலோமினா, வார்டு வாசலில் உறவினர்களுக்குப் பதில் சொல்லும் அதே குரலில், “இல்ல சார்” என்றார். “ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. விளம்பரம் போட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு.”

“கூட யாரும் இருந்தாங்களா?”

“பக்கத்து ரூம்ல கத்திக்கிட்டு இருந்தாங்க.”

தெய்வானை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் ஒரு பாகம்கூடப் பார்த்ததில்லை.

“நீங்க பாக்காதீங்க சார்” என்றார் பிலோமினா. “நான் பாத்துட்டேன். ஒருத்தர் பாத்தது போதும்.”

“தண்ணி?”

 சென்டருக்கு நேரமாகிறது என்று பிலோமினா எழுந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆவுடையப்பன் உட்கார்ந்தார். திரையில் 1846 என்று எண் மின்னியது. வெளியே நடைபாதையில் பத்துப் பன்னிரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் நின்றிருந்தார்கள். சம்பத் கையில் குளுக்கோஸ் பாக்கெட். ஆவுடையப்பன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். நேரில் பார்த்தவரோ நெருங்கிய உறவினரோ வந்து சொல்லாத எந்த இறப்பையும் அவர் பதிந்ததில்லை. பதியாதது நடந்ததாகாது என்பது துறையின் நிலைப்பாடு. இந்த வழக்கில் நேரில் பார்த்தவர் ஒருவர் உண்டு. ஆனால் அவர் எழுத்து மூலம் எதுவும் கொடுக்கவில்லை.

ஆவுடையப்பன் முதல் பாகத்துக்குப் போனார்.

அங்கே மாளிகைக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கத்தி முடித்து, கதவு திறந்து, தட்டோடு ஆள் வர அறுபது பாகம் ஆகும். அதுவரை பொட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைப் பார்ப்பதற்கு அலகு கிடையாது.

மாலையில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு புது அறிவிப்பு ஒட்டப்பட்டது. மேற்படி கட்டடத்தின் மோட்டார் பழுதடைந்துவிட்டபடியால் ஆறு தினங்களுக்குக் குடிநீர் விநியோகம் இராது என்று அது தெரிவித்தது. கீழே செயலாளரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

மூன்றாம் நாள் சம்பத் ஆள் கூட்டிவந்து மோட்டாரைப் பிரித்துப் பார்த்தார். அதில் ஒரு பழுதும் இல்லை.